களமிறங்குமுன் வரும் களைப்பு

ஓடிக் களைத்தவனை ஊரார் எல்லாரும் அடையாளம் கண்டுகொள்வர். மூச்சு வாங்குவதும் வியர்வை வழிவதும் கால் தள்ளாடுவதும் கண்ணுக்குப் பிரத்தியட்சமாகத் தெரிவதால், கண்டவர்கள் இரக்கப்பட்டு ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்துச் சற்று நேரம் உட்காரச் சொல்வார்கள். ஆனால் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல், இரண்டு கட்டைவிரல்களையும் கண்களையும் மட்டுமே உழைக்கவிட்டு, இரண்டு மணி நேரத்தில் சித்தம் சோர்ந்துபோனவனை எவரும் அடையாளம் காண்பதில்லை. சரீரம் வாடாமல் இருப்பதால் அவனே தன் களைப்பை அறியாதவனாய், "நல்லா ரெஸ்ட் எடுத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு களத்துக்கு வருகிறான். இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது வகைக் களைப்பைப் பற்றியது. பயிற்சியாளர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் விளையாடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்களும் இதை ஆற அமரப் படிக்க வேண்டுமென்பது என் விருப்பம். ஓட்டத்தையும் தண்டாலையும் ஆகாரத்தையும் பற்றி ஓரளவேனும் விசாரிக்கிற நம்மவர்கள், ஆட்டத்துக்கு முந்திய இரண்டு மணி நேரம் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்பதே இல்லை.

கான்சாபுரத்தையும், பிளவக்கல் அணையின் தண்ணீரில் விளைகிற அந்த மலையடிவாரத்து ஊர்களையும், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பள்ளிகளுக்குப் பேருந்தேறிப் போய்வரும் அவ்வூர்ப் பிள்ளைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பக்கத்திலுள்ள கூமாப்பட்டியை 2025-ஆம் ஆண்டில் ஒரு சிறு கைப்பேசிக் காணொளி சில நாட்களுக்குள் தமிழகம் முழுவதும் அறியச் செய்துவிட்டதை எல்லாரும் பார்த்தோம். அத்தனை சக்தி வாய்ந்த சாதனம் ஒவ்வோர் இளைஞனின் சட்டைப்பையிலும் இருக்கும்போது, அது அவனுடைய சித்தத்தை மட்டும் தீண்டாமல் விட்டுவிடும் என்று எண்ணுவது பேதைமை.

தென் மாவட்டங்களில் கோயில் கொடையையோ பொங்கலையோ ஒட்டி நடக்கிற மின்னொளிக் கபடிப் போட்டிகளின் ஸ்வபாவத்தை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். மாலையில் அணிகள் பெயர் கொடுக்கின்றன. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஜோடி சேர்க்கிறார்கள். வெளியூர் அணி வந்து சேரத் தாமதம், விருந்தினர் பேச்சு, நடுவர் தீர்ப்பின்மேல் ஒரு தகராறு என்று ஒவ்வொன்றாக நேரம் தள்ளிக்கொண்டே போக, ஒன்பது மணிக்கு ஆடவேண்டிய அணி நள்ளிரவு தாண்டித்தான் களத்தில் இறங்குகிறது. அதுவரை அந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? வேனுக்குள்ளும் திண்ணையிலும் ஒலிபெருக்கிக் கம்பத்தின் அடியிலும் நால்வர் நால்வராகக் குந்தி, தலையைக் கவிழ்த்து, ஃப்ரீ ஃபயரோ பப்ஜியோ ஆடுகிறார்கள். மைக்கில் அணியின் பெயரை இரண்டு தடவை அழைத்தாகிவிட்டது. "தம்பி, வார்ம்-அப் பண்ண வாடா" என்று பயிற்சி கொடுக்கிற அண்ணன் கூப்பிடுகிறார். "இந்தா வந்துட்டேண்ணே, கடைசி ஜோன்ணே, இப்ப முடிஞ்சிரும்" என்கிறான் அவன், நிமிர்ந்து பாராமலேயே. அப்படி எழுந்து வருகிறவன் முதல் ரைடிலேயே போனஸ் கோட்டைக் குறிவைத்துக் காலை நீட்டி, கார்னர் ஆட்டக்காரன் இறங்கி வருவதை அரைக் கணம் தாமதமாகக் கண்டு, கணுக்காலைக் கொடுத்துவிட்டு வெளியே போகிறான். "பய இன்னைக்கு ஃபார்ம்ல இல்ல" என்று கூட்டம் சொல்கிறது. ஃபார்ம் எங்கே போயிற்று என்று எவரும் தேடுவதில்லை.

சித்தமும் சரீரமும்

மனத்தின் உழைப்பு உடம்பின் உழைப்பைக் குறைக்கும் என்பது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியன்று. இத்தாலி நாட்டுத் துரின் நகரத்தில் உடலியல் பேராசிரியராக இருந்த ஆஞ்செலோ மோசோ என்பவர், ஒரு விரலால் எடையைத் திரும்பத் திரும்பத் தூக்கச் செய்து தசையின் சோர்வை அளந்து எழுதும் ஒரு கருவியை அமைத்து, நீண்ட விரிவுரைகளும் வாய்மொழித் தேர்வுகளும் நடத்திவிட்டு வந்த தம் சக ஆசிரியர்கள் அந்த எடையை முன்போல் நெடுநேரம் தூக்கமாட்டாமல் போவதைக் கண்டு, 1891-இல் களைப்பைப் பற்றித் தாம் வெளியிட்ட நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். வாயால் பேசிக் களைத்தவருக்கு விரல் ஏன் சோரவேண்டும் என்ற அந்தப் பழைய கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

2009-இல் வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் மார்கோரா முதலியோர் பதினாறு பேரை வைத்து நடத்திய சோதனை இத்துறையில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது. ஒரு நாள் அவர்களைத் தொண்ணூறு நிமிஷம் கணினித் திரையின் முன் உட்காரவைத்து, இடைவிடாத அவதானத்தைக் கோருகிற ஒரு காரியத்தைச் செய்யச் சொன்னார்கள். மற்றொரு நாள் அதே தொண்ணூறு நிமிஷம் ரயிலையும் மோட்டார் வண்டியையும் பற்றிய சாதுவான படங்களைப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு நாட்களிலும் முடிவில், நிலைத்த சைக்கிளில் ஏற்றி, இனி மிதிக்க முடியாது என்னும் வரை மிதிக்கச் செய்தார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி மிதித்தவர்கள், மூளைக்கு வேலை கொடுத்த நாளில் 640 விநாடியிலேயே இறங்கிவிட்டார்கள். இதில் விசேஷம் என்னவென்றால், இருதயத் துடிப்பிலோ சுவாசத்திலோ தசைகளின் நிலையிலோ இரண்டு நாட்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஏதுமில்லை. வித்தியாசப்பட்டது, 'எவ்வளவு சிரமமாக இருக்கிறது' என்று அவர்கள் சொன்ன கணக்கு ஒன்றுதான். கால்களில் பலம் மிச்சமிருந்தும், அந்தச் சிரமம் பெரிதாகத் தோன்றியதால் சித்தம் முன்கூட்டியே கையை விரித்துவிட்டது. ஒரே கிணற்றுத் தண்ணீரை மேட்டு வயலுக்கும் பள்ளத்து வயலுக்கும் பங்கிடுகிற சம்சாரி, மேட்டுக்கு மோட்டாரை அதிக நேரம் ஓட்டிவிட்டால் பள்ளத்துப் பயிர் வாடுவதற்குப் பயிரைக் குறை சொல்லமாட்டான். நாமோ வாடிய பிள்ளையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஒரு நுட்பத்தைப் பயிற்சியாளர்கள் மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும். மனக்களைப்பு எல்லாவற்றையும் ஒரேபோல் கெடுப்பதில்லை. இவ்வாராய்ச்சிகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் சக்தியே குறைகிறதென்றும், ஒரே மூச்சில் வெளிப்படும் உச்ச வலிமையும் வேகமும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன என்றும் கூறுகிறது. ஆகவே எடை தூக்கச் சொல்லியோ ஒரு தாவு தாவச் சொல்லியோ பார்த்து, 'இவன் நன்றாகத்தான் இருக்கிறான்' என்று முடிவு கட்டுகிற பயிற்சியாளர் ஏமாந்துபோவார். குறை வெளிப்படுமிடம் வேறு. சிவப்பு என்ற சொல்லைப் பச்சை மையிலும், நீலம் என்ற சொல்லை மஞ்சள் மையிலும் எழுதிக் காட்டி, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தையே சொல்லும்படி முப்பது நிமிஷம் வேலை வாங்கியபின் கால்பந்து ஆட்டக்காரர்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2016-இல் வந்தது. அவர்களுடைய ஓட்டத்தின் தூரம் குறைந்தது, பந்தைக் கடத்துவதில் பிழை கூடியது, கோலை நோக்கி உதைப்பதில் வேகமும் குறியும் தளர்ந்தன.

நம்முடைய விஷயத்துக்கு இன்னும் நெருங்கியவை பிரேசில் நாட்டு ஆராய்ச்சிகள். கால்பந்து ஆட்டக்காரர்களை ஆட்டத்துக்கு முன் பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து நிமிஷங்கள் என்று வெவ்வேறு நாட்களில் கைப்பேசிச் செயலிகளில் ஆழ்த்திவிட்டு, பந்தை எவனுக்குக் கொடுப்பது என்று அவர்கள் தீர்மானிக்கும் திறத்தைக் களத்தில் ஒப்புநோக்கிய ஆய்வு ஒன்று 2019-இல் வெளியாயிற்று. பதினைந்து நிமிஷம் பெரிய தீங்கு செய்யவில்லை. முப்பதும் நாற்பத்தைந்தும் தீர்மானத்தைக் கெடுத்தன. அதே நாட்டில் குத்துச்சண்டை பழகுவோரிடம் நடத்திய சோதனையில், கைப்பேசியில் சமூக ஊடகத்தைத் துழாவினாலும் சரி, வீடியோ கேம் ஆடினாலும் சரி, எப்போது குத்துவது, எப்போது விலகுவது என்ற தீர்மானம் பழுதுபட்டதைக் கண்டார்கள்.

இதைக் கபடியில் வைத்துப் பார்ப்போம். பாடிச் செல்பவனுக்கு முப்பதே விநாடி. அந்த முப்பது விநாடிக்குள் எதிர்ப்பக்கத்து ஏழு பேரில் எவன் கார்னரில் பம்முகிறான், எந்த இருவர் கைகோத்து நெருங்குகிறார்கள், போனஸுக்குப் போகலாமா, வெறுங்கையோடு திரும்பிவிடலாமா, இது தொட்டே ஆகவேண்டிய மூன்றாவது ரைடா என்பதையெல்லாம் கணித்துக்கொண்டே அவன் கால் மாற்றவேண்டும். பிடிப்பவர்களுக்கும் அப்படியே, கோத்த கைகள் ஒருவன் கணிப்பில் முந்தியும் மற்றவன் கணிப்பில் பிந்தியும் இழுபட்டால் செயின் அறுந்துபோகும். இந்த ஆட்டத்தில் பலத்தால் வரும் புள்ளிகளைவிடக் கணிப்பால் வரும் புள்ளிகளே அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆகையால் மனக்களைப்பு கபடிக்காரனுக்குச் செய்யும் சேதம் எடை தூக்குபவனுக்குச் செய்வதைவிடப் பன்மடங்கு பெரிது. வாலிபாலில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவனுக்கும், பக்கத்துக் கோவில்பட்டிப் பிள்ளைகள் பெயரெடுத்திருக்கிற ஹாக்கியில் நடுக்களத்தில் நிற்பவனுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஓய்வென்று எண்ணும் உழைப்பு

"கேம் ஆடுறது ரிலாக்ஸ் தானே சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கோபிக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேரோடும், பப்ஜி வகையில் நூறு பேரோடும் ஒரு தீவில் இறங்கி, மூலையிலுள்ள சிறு வரைபடத்தை ஒரு கண்ணாலும் எதிரியின் அசைவை மற்றொரு கண்ணாலும் கவனித்து, காலடி ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதைத் தீட்டி, காதுக்கருவியில் கூட்டாளிகள் மூவர் ஒரே சமயத்தில் கத்துவதைப் பிரித்தறிந்து, சுடுவதா பதுங்குவதா என்று விநாடிக்கு விநாடி முடிவெடுக்கிற காரியம் ஓய்வாக எப்படி இருக்க முடியும்? 2023-இல் ஹாங்சோ நகரத்தில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் இந்தியா கபடியில் ஆண், பெண் இரு பிரிவுகளிலும் தங்கம் வென்றது. அதே விழாவில் மின்னணு விளையாட்டுகளுக்கும் பதக்கம் கொடுத்தார்கள். பதக்கத்துக்கு உரியதென்று ஒரு கண்டமே அங்கீகரித்த ஆட்டத்தை, மற்றோர் ஆட்டத்துக்கு முந்திய ஓய்வாக எவரும் கருதலாகாது. ஒரு போட்டியை முடித்த கையோடு மற்றொரு போட்டிக்கு வருகிறவனாகவே அந்தப் பிள்ளையைப் பயிற்சியாளர் கணக்கில் வைக்கவேண்டும்.

உட்கார்ந்தே ஆடும் ஆட்டத்தில் களைப்பு ஏது என்று இன்னும் சந்தேகிப்பவர்கள் சதுரங்கத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டத்தில், மணிக்கணக்காக யோசித்துச் சமநிலையில் காத்துவந்த டிங் லிரென், ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் யானையை வைக்கத் தகாத கட்டத்தில் வைத்தார். சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது குகேஷ் உலகச் சாம்பியனானார். சதுரங்கப் பிள்ளைகள் ஓட்டத்தையும் யோகத்தையும் பழகுவதும், குகேஷ் அப்போட்டிக்காக பாடி அப்டன் என்ற மனப்பயிற்சியாளரைத் துணைகொண்டதும் வீண் ஆடம்பரங்கள் அல்ல. சித்தத்தின் களைப்பைச் சரீரத்தின் களைப்புக்குச் சமமாக மதிக்கத் தெரிந்தவர்களின் விவேகம் அது.

வீடியோ கேமைப் பழிப்பது என் நோக்கமன்று. 2003-இல் க்ரீன், பாவெலியர் என்னும் இருவர், அதிரடி வீடியோ கேம்களில் பழகியவர்களுக்குக் கண்ணின் அவதானம் கூர்மைப்படுகிறதென்று நிரூபித்தார்கள், அதை மறுப்பதற்கில்லை. மனக்களைப்பு ஆராய்ச்சிகளின் முடிவுகள் மிகைப்பட்டிருக்கலாம் என்று 2020-இல் ஒரு மறுபரிசீலனை எச்சரித்திருப்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சிறு சிறு ஆய்வுகளில் பலன் கண்டவை மட்டுமே அச்சேறுகின்றன என்பது அதை எழுதியவர்களின் வாதம். ஆயினும், ஆட்டத்துக்கு முன் இரண்டு மணி நேரம் கைப்பேசியை ஒதுக்கிவைப்பதால் வரும் நஷ்டம் ஒன்றுமில்லை, வரக்கூடிய லாபமோ ஓர் ஆட்டத்தின் வெற்றி என்னும்போது, பண்டிதர்களின் விவாதம் முடியட்டும் என்று காத்திராமல் காரியத்தில் இறங்குவதே புத்திசாலித்தனம்.

தூக்கத்தின் கணக்கு இதைவிடக் கண்டிப்பானது. லிவர்பூல் அணியின் கோல்காப்பாளர் டேவிட் ஜேம்ஸ், 1997-இல் தம் ஆட்டம் தொடர்ந்து சறுக்கியபோது, மணிக்கணக்காக வீடியோ கேம்களில் மூழ்கியிருந்ததே காரணம் என்று தாமே பகிரங்கமாகச் சொன்னார். அக்காலத்தில் அது கேலிக்கு இலக்காயிற்று. பின்னர் அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் நூற்றுப்பன்னிரண்டு ஆட்டக்காரர்களைப் பற்றி 2019-இல் வெளியான ஆராய்ச்சி, முந்தின இரவு பதினொன்றுக்குப்பின் ட்விட்டரில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் மறுநாள் ஆட்டத்தில் கூடையில் போடும் வீதம் 1.7 புள்ளி குறைந்ததாகக் காட்டியபோது, அந்தக் கேலிக்கு இடமில்லாமல் போயிற்று. மறுபக்கம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து மாணவர்கள் பதினொருவரைச் சில வாரங்கள் இரவில் பத்து மணி நேரம் படுக்கையிலிருக்கச் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய தனி எறிதல்களின் வெற்றி நூற்றுக்கு ஒன்பது வீதம் ஏறியது. ராஜபாளையத்து நூற்பாலைகளில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு மாலையில் விளையாட வருகிற வாலிபர்களும், விடியற்காலை டியூஷனுக்கு ஓடுகிற மாணவர்களும் ஏற்கெனவே தூக்கக் கடனில் இருப்பவர்கள். அவர்கள் கைப்பேசிக்குக் கொடுக்கிற நள்ளிரவு மணி ஒவ்வொன்றும் அந்தக் கடனுக்கு ஏறும் வட்டி. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை தடை விதித்து 2025-இல் தமிழக அரசு விதி வகுத்ததும், சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்றதும் பலருக்கு நினைவிருக்கலாம். பணமில்லாத கேமுக்குச் சட்டம் கதவடைப்பதில்லை. அதை வீடும் பயிற்சியாளரும்தான் அடைக்கவேண்டும்.

செய்யத்தக்கவை

முதலில் கணக்கு. பயிற்சியாளர் வைத்திருக்கும் நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பத்தி வேண்டும். ஒன்றில் உடம்பின் உழைப்பு, மற்றொன்றில் மனத்தின் உழைப்பு. இரண்டாவது பத்தியில் பரீட்சை, டியூஷன், வீட்டுக் கவலை, கைப்பேசி ஆட்டம் எல்லாம் ஏறும். பயிற்சி தொடங்குமுன் ஒவ்வொருவனையும் தனியே அழைத்து, "மனசு எவ்வளவு அசந்திருக்கு, பூச்சியத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லு" என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதும். தனியே கேட்பது அவசியம். கூட்டாளிகளின் முன் எந்தப் பையனும் தான் அசந்திருப்பதாகச் சொல்லமாட்டான். சொன்னதற்குத் திட்டு விழுந்தால் மறுநாளிலிருந்து எல்லாரும் பூச்சியம் என்றே சொல்வார்கள் என்பதையும் ஆசிரியர் நினைவில் வைக்கவேண்டும்.

வாயால் சொல்லும் எண்ணோடு கையால் ஒரு சிறு சோதனையும் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளிப் பையில் இருக்கும் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலே கருவி. பையன் முழங்கையை மேசைமேல் ஊன்றிக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சற்றே விரித்து வைக்கட்டும். பூச்சியக் கோடு அந்த விரல்களுக்கு நடுவே நிற்கும்படி ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து, முன்னறிவிப்பின்றி விட்டுவிட வேண்டும். அவன் பிடிக்கும் இடத்தைப் படிக்க வேண்டும். பதினைந்து சென்டிமீட்டரில் பிடித்தால் ஏறக்குறைய 0.175 விநாடி, இருபதில் 0.20, இருபத்தைந்தில் 0.226. ஐந்து தடவை விட்டு, எண்களை வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதை எடுத்துக்கொள்வது நல்லது. ஒருவனை மற்றவனோடு ஒப்பிடுவதில் பயனில்லை. நன்றாகத் தூங்கி எழுந்த நாளின் எண்ணோடு அவனை அவனோடே ஒப்பிட வேண்டும். இதைவிடக் கடினமான சோதனை ஒன்றும் உண்டு: ஆசிரியர் 'வலது' என்றால் இடப்பக்கமும், 'இடது' என்றால் வலப்பக்கமும் தாவ வேண்டும், 'நேர்' என்றால் அசையவே கூடாது. தெளிந்த சித்தமுள்ளவன் இரண்டொரு பிழையோடு முடிப்பான். இரவெல்லாம் கேம் ஆடியவன் 'நேர்' என்ற சொல்லுக்குத் தாவிவிட்டுத்தான் தாவியதை உணர்வான். எழ வந்த அசைவை அடக்கும் அந்தச் சக்தி மனக்களைப்பில் தளரக்கூடியது.

நோட்டில் எண் உயர்ந்திருக்கும் நாளில் பயிற்சியை ரத்து செய்ய வேண்டியதில்லை, மாற்றினால் போதும். உச்ச வலிமை அவ்வளவாகக் குறைவதில்லை என்று மேலே சொன்னோம். ஆதலால் அன்றைக்கு எடைப் பயிற்சி, குறுந்தூர ஓட்டம், பழகிய பிடிகளின் திருப்பம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, புதிய உத்திகளையும் நுட்பமான கூட்டுப் பிடிகளையும் மற்றொரு நாளுக்குத் தள்ளிவைக்கலாம். பரீட்சை நடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்த ஏற்பாடு மிகவும் உதவும்.

போட்டி நாளுக்கு என் விதி சுருக்கமானது: களமிறங்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கேம் நிற்க வேண்டும். இரண்டு மணி என்பது எந்த ஆய்வும் விதித்த எல்லையன்று. நேரம் தள்ளிப்போகும் நம்மூர்ப் போட்டிகளுக்காக நானே தாராளமாக வைத்த எல்லை. வீட்டுக்குப் பேசுவதற்கும் செய்தி பார்ப்பதற்கும் கால் மணி நேரம் கொடுப்பதில் தீங்கில்லை. கைப்பேசிகளை வாங்கி ஒரு பையிலிட்டு, ஆடாத ஒருவரிடம் ஒப்படைப்பது உத்தமம். ஆனால் பயிற்சியாளருடைய எண்ணைப் பெற்றோருக்கு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் 'அம்மா கூப்பிடுவாங்கண்ணே' என்ற நியாயமான சாக்கில் பை அடிக்கடி திறக்கும். தாமும் அந்தப் பையில் கைப்பேசியைப் போடுகிற பயிற்சியாளருக்குத்தான் பிள்ளைகள் கட்டுப்படுவார்கள்.

வாங்கிக்கொண்டால் மட்டும் போதாது. அந்த வெற்று நேரத்துக்கு வேறொன்று தரவேண்டும். பாயையோ தார்ப்பாயையோ விரித்து, ஒலிபெருக்கிக்கு எட்டின தூரத்தில், இருபது முப்பது நிமிஷம் கண்ணயரச் செய்வதைப்போல் நல்லது எதுவுமில்லை. எழுப்புவதற்கும் ஆட்டத்துக்கும் இடையே அரை மணி நேரம் விட்டால் மந்தம் தெளிந்துவிடும். தூக்கம் வராதவர்கள் பாட்டுக் கேட்கலாம், மெல்ல நடக்கலாம், ஊர்க்கதை பேசலாம். மற்ற அணிகளின் ஆட்டத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக் குறிப்பெடுப்பதும் சித்தத்துக்கு வேலைதான். அதற்கு ஒருவரை நியமித்து, மற்றவர்களை விட்டுவிட வேண்டும். தேநீரிலுள்ள காஃபின் மனச்சோர்வை ஓரளவு மறைக்கும்; ஆனால் உள்ளே போனதில் பாதி அகல ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மறுநாள் பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளைக்கு நள்ளிரவில் ஊற்றிக் கொடுக்கும் டீ, வகுப்பறைத் தூக்கத்தில் போய் முடியும்.

விரலையும் மணிக்கட்டையும் பற்றி ஒரு வார்த்தை. 2006-இல் டெட்ராய்ட் நகரத்து பேஸ்பால் அணியின் ஜோயல் ஸுமாயா, கிட்டார் வாசிப்பதுபோல் ஆடும் ஒரு வீடியோ கேமில் அளவுக்கு மீறி ஈடுபட்டுக் கை வீங்கி, முக்கியமான ஆட்டங்களில் பந்தெறிய முடியாமல் உட்கார்ந்துவிட்டார். பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட கபடிக்காரனுக்குக் கட்டைவிரலின் அடியில் வலி எடுத்தால், களத்தில் பட்ட அடி என்று கருதுமுன் கைப்பேசியில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

போட்டி நடத்தும் ஊர்க்கமிட்டியாருக்கும் இதில் கடமை உண்டு. சீட்டுக் குலுக்கி முடித்ததும், எந்த ஆட்டம் உத்தேசமாக எந்த நேரத்துக்கு என்று ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டு, தாமதமானால் அடித்துத் திருத்திவந்தால், தூங்குகிறவன் தூங்கவும் நடக்கிறவன் நடக்கவும் வழி பிறக்கும். எப்போது அழைப்பார்களோ என்று தெரியாத நிலைதான் பிள்ளைகளைக் கைப்பேசியின்மேல் கவிழ்க்கிறது. பதினாறு வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களை இரவு பத்துக்குள் முடித்துவிடுவது கமிட்டியார் மனம் வைத்தால் ஆகிற காரியமே.

இவ்வளவு செய்தும் விடமுடியாத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். கேமின்மேல் தனக்குள்ள பிடி தளர்ந்து, சாப்பாடு, பள்ளி, மைதானம் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேம் ஏறி உட்கார்ந்து, கெடுதி கண்ணெதிரே தெரிந்தும் தொடர்கிற நிலை ஓராண்டளவு நீடித்தால், அதை நோயென்றே உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப்பட்டியல் வகைப்படுத்துகிறது. அப்பட்டியல் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அத்தகைய பையனை அணியிலிருந்து விலக்குவது அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே நல்ல பற்றுக்கோட்டையும் அறுப்பதாகும். ஆடாவிட்டாலும் தினமும் மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். பிடுங்கி உடைக்கப்பட்ட கைப்பேசிகளால் குணமான பிள்ளைகளை நான் கண்டதில்லை. பெற்றோரோடு பேசி, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்குத் தயங்குகிறவர்கள், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணைப் பயிற்சி நோட்டின் முதல் பக்கத்தில், முதலுதவிக்கான எண்களின் வரிசையிலேயே எழுதி வையுங்கள்.